மூன்றாவது வீட்டுக்கு இருபத்தெட்டு சென்டிமீட்டர்

காரமடை,
18.5.1997

அன்பு மகள் கோகிலவாணிக்கு அப்பா அரங்கசாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் இடது காலைத் தவிர. அது ஏன் என்பது கீழே வரும். அங்கு நீயும், உன் ஆபீசும், நீ எழுதியிருந்த அந்தக் குளிரும் ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல் இருக்க நம் ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

கம்பெனி விடுதியில் ஜூன் பதினைந்து வரைக்கும்தான் இடம், அதற்குள் வீடு பிடிக்க வேண்டும், மூன்று வீடு பார்த்து மேப்பில் பென்சிலால் குறித்திருக்கிறேன், எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன். மெல்போர்னில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், தெற்கே பழனியைத் தாண்டாத அப்பனிடம் வீடு கேட்கிறாள். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் போனில் நான் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், நீ சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாய், அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

மேப் ஒரு சாண் நீளம்கூட இல்லை, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாகூர் மீரான் பாயிடம் கொண்டுபோனேன். அவர் "நம்ம கோகிலா இருக்கற ஊருங்களாண்ணா" என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி, நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தார். தெருப்பெயரெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அன்றிலிருந்து அது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர் என்று நீ எழுதியிருந்தாய். பம்புசெட் கம்பெனியில் முப்பது வருஷம் அளவு பார்த்தவன் நான், ஒரு நூல் பிசகினாலும் பீஸைத் திருப்பி அனுப்பியவன். அம்மாவின் தையல் நூலை ரோட்டின் மேல் வைத்து அளந்தேன். முதல் வீடு ஸ்டேஷனிலிருந்து இரண்டே சென்டிமீட்டர், ஆனால் ஒரே ஒரு அறை. இரண்டாவது வீடு ஒன்பதாவது மாடி. "ஒம்பதாவது மாடியில வாசல் எங்கீங்க தெளிக்கறது?" என்று அம்மா கேட்டாள், அந்த வீடு அதோடு போயிற்று. மூன்றாவதில் இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் புல்தரை. ஸ்டேஷனிலிருந்து ஒரே நேர் ரோடு, திருப்பமே கிடையாது, ஆனால் இருபத்தெட்டு சென்டிமீட்டர். அதாவது இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர். எட்டுக்கு முக்கால் மீட்டர் வைக்கிற என் நடைக்கு மூவாயிரத்து எழுநூற்று முப்பத்து மூன்று எட்டு.

காகிதத்தில் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை கண்ணு. நடந்து பார்த்தால்தான் புரியும். அங்கே ஸ்டேஷன் என்றால் இங்கேயும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. நீ ஆறு மணிக்கு ரயிலை விட்டு இறங்குவேன் என்று எழுதியிருந்தாய். நானும் ஆறு மணிக்குக் காரமடை ஸ்டேஷனில் இறங்கினேன், அதாவது இறங்கின மாதிரி நின்றேன். இருநூறு மீட்டரில் டீக்கடை பெஞ்சு வந்தது. அதுதான் உன் முதல் வீடு. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன், நல்ல வீடு, சத்தம்தான் அதிகம்.

அடுத்த நாள் மூன்றாவது வீட்டுக்குப் புறப்பட்டேன். நம் ஊரில் நேர் ரோடு ஏது, ரோடு வளைகிற இடத்தில் நானும் வளைந்தேன். நடக்க நடக்க இரண்டு பக்கமும் தென்னை மரம் போய், நீ எழுதியிருந்த அந்த இலை உதிர்கிற மரங்கள் வந்துவிட்டன. மஞ்சளும் சிவப்புமாகக் காலடியில் இலை. நீ எனக்கு நாலடி முன்னால் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறாய், பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றுகிறாய். கூப்பிட்டால் திரும்பிவிடுவாய் என்று பயந்து கூப்பிடவில்லை. ஆயிரத்து எண்ணூற்றுச் சில்லறை எட்டில் நம் வீடு வந்தது. வாசலில் நின்ற அம்மா, "ஏனுங்க, காப்பி போட்டாச்சு, எங்க போறீங்க?" என்றாள். எண்ணிக்கை விட்டுப்போகும் என்று கையை மட்டும் ஆட்டிவிட்டு நேரே போனேன்.

மூவாயிரத்து எழுநூற்று முப்பத்து மூன்றாவது எட்டில் ரங்கம்மாள் தோட்டத்து மாட்டுக் கொட்டகைக்குள் நின்றேன். எருமை என்னைப் பார்த்தது. ரங்கம்மாள் சாணிக் கூடையோடு வந்து, "ஏனுங்ணா, இங்க என்னுங்க பண்றீங்க?" என்றாள். "இங்கதான் அம்மணி நம்ம கோகிலா ஊடு வருது" என்று மேப்பைக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். மறுநாள் போனால் இடத்தைக் கூட்டிக் கழுவிவிட்டு, எருமையை வெளியில் கட்டியிருந்தாள். "புள்ளை குடியிருக்கற எடத்துல மாட்டைக் கட்டுனா நல்லாவாங்க இருக்கும்?" என்றாள். ஒரு நாற்காலியும் போட்டிருந்தாள். அதில் உட்கார்ந்து, நீ பையின் அடியில் சாவியைத் துழாவுகிறதையும், விளக்கைப் போடுகிறதையும், பால் காய்ச்சிக்கொண்டே அடுத்த அறையை எட்டிப் பார்க்கிறதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த இன்னொரு அறையில் யாருமில்லை.

ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துபோயிற்று. "என்னுங்ணா, மெல்போர்னுக்குங்களா?" என்று கேட்டுவிட்டு வழிவிடுகிறார்கள். ஆனால் ஒன்று குறைந்தது. ஜூன் மாதம் அங்கே நல்ல குளிர் என்று எழுதியிருந்தாயே, குளிரில் நடந்தால்தானே கணக்குச் சரியாகும்? வியாழக்கிழமை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு நடந்தேன். வைகாசி வெயில் இறங்காத சாயங்காலம். பார்த்தவர்களெல்லாம் "ஊட்டிக்குங்களா?" என்றார்கள். இரண்டாயிரத்து முந்நூறாவது எட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, சாக்கடைக் கல்லில் காலை விட்டுவிட்டேன். சோடா வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். இடது கால் இதுதான். எலும்புக்கு ஒன்றுமில்லை, வீக்கம் வடிந்துவிட்டது, போனில் இதைக் கேட்டு அம்மாவைக் கிளப்பிவிடாதே.

காலை விட மனசை வாட்டியது வேறொன்று. மூன்றாவது வீடு வடக்குப் பார்த்தது, அதனால் வெயில் நன்றாக வரும் என்று எழுதியிருந்தாய். வடக்குப் பார்த்த வீட்டில் வெயில் ஏது? அஞ்சு வயசில், பொட்டுக்கடலை டப்பா எங்கே என்று கேட்டால் "உப்பு ஜாடிக்கு மேக்காலீங்ப்பா" என்று சொன்ன பிள்ளை நீ. ரெண்டு மாசத்துல திசை மறந்துபோச்சே, இனி ஊரும் மறந்துபோகும், நாங்களும் மறந்துபோவோம் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மொட்டை மாடியில் வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள், கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "மார்கழியில வெயிலு தெக்கால சாயுது, இப்ப வைகாசியில வடக்கால வந்துருச்சு. வருசா வருசம் பாயை மாத்திப் போடறவளுக்குத் தெரியாதுங்களா? அந்த வெயிலையும் தாண்டித் தெக்க போயிட்டா, அது எந்நேரமும் வடக்காலதானுங்க நிக்கும். புள்ளை சரியாத்தான் எழுதியிருக்கறா" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது சாமி. உனக்குத் திசை தப்பவில்லை.

ஆகவே என் முடிவு இது. முதல் வீட்டையே எடுத்துக்கொள். அந்த இன்னொரு அறை யாருக்காக என்று எனக்குத் தெரியும். அதற்காகத் தினமும் இருட்டில், குளிரில் மூவாயிரத்து எழுநூற்று முப்பத்து மூன்று எட்டு நீ நடக்க வேண்டாம். நான் நடந்து பார்த்துவிட்டேன், தாங்காது. நாங்கள் அங்கே வரப்போவதும் இல்லை. எனக்கு விமானம் என்றாலே தலை சுற்றும், அம்மாவுக்கு மாட்டை விட்டு வர முடியாது. ஒரு அறை போதும் அம்மணி, ஒருத்திக்கு ஒரு அறை தாராளம். எங்களை நினைத்து எதையும் பெரிசாகப் பார்க்காதே. இதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, அளவெடுக்காமல் எந்த வீட்டுக்கும் கையெழுத்துப் போடாதே. நீ கால் வைக்கிற வீட்டில் அடுப்பும் விளக்கும் குறைவில்லாமல் எரியட்டும் என்று வாழ்த்தும்,
அப்பா
அரங்கசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் மீரான் பாய் கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். மேப்பைப் பார்த்து, "எப்படிங்ணா, டபுள் சைசுல போட்டுக் கொடுத்தேனே, நல்லாத் தெரியுதுங்களா?" என்றார். முப்பது வருஷம் அளவு பார்த்தவன் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடவும். மூன்றாவது வீடு பதினாலு சென்டிமீட்டர்தான். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறரை எட்டு. நொண்டிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போய் மறுபடி எண்ணிப் பார்த்தேன். நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. முதல் வீட்டை விட்டுவிடு. பாஸ்போர்ட் பாரம் இரண்டு போன வாரமே வாங்கி வைத்திருக்கிறோம். அந்த இன்னொரு அறைக்கு ஜன்னல் வடக்காலதானே? அம்மா வத்தலுக்குக் கேட்கிறாள்.