அசரியாவின் வலது தோள்பட்டை

அசரியாவுக்குத் தோள்பட்டை வலி சுத்தமாகப் போய்விட்டது. இனி அதை வீட்டில் எப்படி மறைப்பது என்பதுதான் அவருடைய கவலை.

மனிதர் குடியிருந்தது மேடவாக்கத்தில், மூன்றாவது மாடியில். லிஃப்ட் என்பது பில்டர் காட்டிய வண்ணப் படத்தில் மட்டும் இருந்தது. போர்வெல்லில் தண்ணீர் வற்றிப் போய், ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் லாரித் தண்ணீர். ஹாரன் கேட்டதும் குடத்தோடு இறங்க வேண்டும், நிரப்பிக்கொண்டு ஏற வேண்டும், வீட்டு டிரம் ததும்புகிறவரை. போன கோடையும் இந்தக் கோடையும் தூக்கியதில் வலது தோள் மக்கர் பண்ணிவிட்டது. சட்டைக்குள் கையை நுழைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தது.

தாம்பரத்தில் ஒரு கிளினிக்கில் ஷாக்வேவ் மெஷின் புதிதாக வந்திருப்பதாக அவருக்குப் பதிலாகக் குடம் தூக்கத் தொடங்கியிருந்த மனைவி ஜோவிதாதான் விசாரித்துச் சொன்னாள். கரண்ட் வைக்கிற சமாச்சாரம் இல்லை. துப்பாக்கி மாதிரி ஒன்றைத் தோளில் அழுத்தி, தட்தட்தட்டென்று அதிர்வலைகளை உள்ளே அனுப்புவார்கள். முதல் தடவை அசரியாவுக்கு உயிர் போய் வந்தது. அடுத்த தடவை முடிந்து சில நாளில், கண்ணாடி முன் நின்று தலை வாரும்போது பார்க்கிறார், கை ஜம்மென்று மேலே போகிறது.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கீழே லாரி ஹாரன் அடித்தது. தூக்கிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

“இன்னும் வலி இருக்காங்க?” என்றாள் ஜோவிதா.

“உள்ளுக்குள்ள இழுக்குது ஜோவி.”

“அப்ப குடத்தைத் தொடவே கூடாது. வழக்கம்போல நானே தூக்கிக்கறேன்.”

இந்த வாரம் மட்டும் என்றுதான் நினைத்தார். நம்மில் யார்தான் அப்படி நினைக்காதவர்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், “சகோதரர் அசரியாவின் வலது தோள்பட்டைக்காக ஊக்கமாய் ஜெபிப்போம்” என்றார். ஜோவிதா சொல்லி வைத்திருக்கிறாள். சபை முழுக்கக் கண்ணை மூடியது. நல்லபடியாக இருக்கிற ஒரு தோளுக்காகப் பெரியவர் தனசிங் தேம்பித் தேம்பி அழுதார். அசரியா கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். குணமாகிவிட்டது என்று இனிச் சொன்னால், முன்னால் போய் மைக்கில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். என்றைக்குக் குணமானது என்று கேட்பார்கள். ஆண்டவர் சந்நிதியில் நின்று நாளை மாற்றிச் சொல்ல முடியுமா?

வெளியே வந்து எல்லோருக்கும் இடது கையால் கைகுலுக்கினார்.

அடுத்த சிட்டிங்குக்கு ஜோவிதாவும் கூடவே கிளம்பிவிட்டாள்.

“இந்நேரம் குறைஞ்சிருக்கணுமே சார்,” என்றார் பிசியோதெரபிஸ்ட் சுந்தரவல்லி. “எந்த இடத்துல வலின்னு நீங்க சொன்னாத்தான் கரெக்டா அங்க அடிக்க முடியும்.”

அசரியா தோளில் ஓர் இடத்தைக் குத்துமதிப்பாகக் காட்டினார். தட்தட்தட்.

“இங்கயா?”

“கொஞ்சம்... தள்ளி.”

“அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார் மேடம்,” என்றாள் ஜோவிதா, அவர் நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்தபடி. “நல்லாத் தாங்கிக்குவார். லெவலைக் கொஞ்சம் ஏத்துங்களேன், பாவம்.”

மெஷின் லெவல் ஏறியது. இவ்வளவு அன்பான மனைவியை ஏமாற்றுகிறோமே என்று அசரியா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். வலியைவிட அதுதான் தாங்கவில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சியில் சமையலறையை அவர் எடுத்துக்கொண்டார். தண்ணீரை அவள் தூக்குகிறாள், அடுப்படியையாவது நாம் பார்ப்போம் என்று நியாயம். ஹாரன் அடித்தால் ஜோவிதா இடுப்பில் குடத்தோடு, “நீங்க பார்த்தா மனசு கஷ்டப்படுவீங்க, உள்ளயே இருங்க” என்பாள். அவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிக்ஸியைப் போட்டுவிடுவார். அவள் மூச்சு வாங்குகிற சத்தம் காதில் விழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. சட்னி அரைபட்டு வெளியே வந்தால், ஜோவிதா புடவை நனைந்து சோபாவில் சாய்ந்திருப்பாள்.

“காப்பி கிடைக்குமாங்க?”

கிடைத்தது. டிபனும் கிடைத்தது. பாத்திரம் தேய்த்தார், துணி துவைத்துப் பிழிந்தார், தேங்காய் துருவினார். வலது கைக்கு வலி என்று பெயர் இருப்பதால், எல்லாமே இடது கையால். ஒரு நாள் சாயங்காலம் தம்ளரைத் தூக்கப் போனார். இடது முழங்கையில் சுரீரென்று ஒரு வலி. தம்ளர் கீழே போனது.

“தோளுக்கு வந்தவர் முழங்கையையும் கெடுத்துக்கிட்டு வந்திருக்கீங்களே,” என்றார் சுந்தரவல்லி. “இந்தக் கையால என்ன சார் பண்ணினீங்க?”

“தேங்காய் துருவினேன்.”

சுந்தரவல்லி துப்பாக்கியை எடுத்து, “எங்க வலிக்குது?” என்றார்.

“நீங்க எங்க வச்சாலும்,” என்றார் அசரியா. இந்தத் தடவை அது சத்தியம்.

மறுநாள் காலை ஜோவிதா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“படியில லேசாத் தலை சுத்துச்சு முந்தாநாள். அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நீங்க போய் அடுப்பைப் பாருங்க.”

அசரியா அடுப்பை அணைத்தார். இவள் படியில் விழுந்து, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஆயுசுக்கும் தன்னை மன்னித்துக்கொள்ள முடியாது. சபையில் சாட்சி என்ன, மன்னிப்பே கேட்டுவிடலாம். அவமானம்தானே, பட்டுக்கொள்ளலாம். இவள் நன்றாக இருந்தால் போதும்.

ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருப்பதற்குள் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

“என்னங்க, நில்லுங்க, நீங்க போகாதீங்க,” என்று ஜோவிதா பின்னாலேயே பதறிக்கொண்டு வந்தாள். அந்தப் பதற்றம் அவரை இன்னும் கரைத்தது. படிகளைத் தாவி இறங்கினார்.

கீழே லாரிக்காரர் மாணிக்கவேல் ரப்பர் ஓஸைப் பிரித்துக்கொண்டிருந்தார். அசரியா குடத்தை அவர் முன்னால் வைத்து, வலது கையை எல்லோரும் பார்க்கட்டும் என்று நன்றாக உயர்த்திக் காட்டினார்.

“பாருங்க மாணிக்கவேல், கை நல்லா இருக்கு. இனிமே நான்தான் தண்ணி தூக்குவேன். பாவம் அவ, மூணு மாடி ஏறி ஏறி உடம்பே போச்சு.”

மாணிக்கவேல் அவரையும் பார்த்தார், மூன்றாவது மாடி பால்கனியையும் பார்த்தார்.

“அக்கா எங்க சார் ஏறுச்சு? சாருக்குக் கை சரியாப் பூட்ச்சு, இனிமே நான் இன்னாத்துக்குத் தூக்கணும்னு சொல்லி, அன்னிலேந்து தனியாத் துட்டு குடுத்துப் பால்கனிக்கு ஓஸ் வுடச் சொல்லி மேலயேதான ரொப்பிகினு கீது.”