இடது காது தெரியவில்லை

"இடது காது தெரியலை சார்."

"யாரோட காது?"

"உங்க வீட்டம்மாவோடது. தலைமுடி மறைச்சிருக்கு."

ஓய்வூதியப் பிரிவின் புதிய கண்காணிப்பாளர் புகைப்படத்தைக் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் தள்ளினாள். இந்தப் பக்கம் நின்றவர் போன மாதம் முப்பதாம் தேதி வரை அந்தப் பக்கம், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். இருபத்தாறு வருடம் மாநகராட்சி ஊழியர்களின் ஓய்வூதிய ஃபைல்களை மேற்பார்வை பார்த்தவர். துப்புரவுப் பணியாளரோ, தெருவிளக்குக்காரரோ, மயானக் காவலாளியோ, ஓய்வு பெறுகிற யாராக இருந்தாலும் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படத்தை ஒட்டி மனுச் செய்ய வேண்டும். அவர் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஒரு குறையாவது கண்ணில் படாமல் போகாது. "குறைகளை நிவர்த்தி செய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவருக்கு நிவர்த்தி என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே மட்டும் நிவர்த்தி சார்.

"காது தெரியணும்னு யாரும்மா சொன்னது?"

"நீங்கதான் சார். உங்க சுற்றறிக்கை. நாலு காதும் தெரியணும்னு போட்டிருக்கீங்க."

"உனக்கு வேலை சொல்லிக் குடுத்ததே நான். ஒரு காதுக்காகவா திருப்பறே?"

"நீங்க சொல்லிக் குடுத்ததாலதான் சார் காது என் கண்ணுல பட்டுச்சு."

அவள் சிரிக்கவில்லை. உறையில் போட்டு ஆட்சேபணைக் கடிதத்தைக் கொடுத்தாள். நிவர்த்தி அதை வாங்கிக்கொண்டு, கதவு என்று நினைத்து அலமாரியில் முட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

இடது கண்ணில் புரை. வலது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்தார். ஓய்வூதியர் மருத்துவ அட்டை இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கமாட்டார்கள். ஓய்வூதிய ஆணை இல்லாமல் அட்டை கிடையாது. காது தெரியாமல் ஆணை கிடையாது. ஆக, அவருடைய கண்ணுக்கு அவர் மனைவியின் காது தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் உறையை நீட்டினார். "என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படி. எனக்கு எழுத்தெல்லாம் கலங்குது."

அவள் அடுப்படியில் நின்றபடியே, மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் படித்தாள். "'இணைக்கப்பட்ட புகைப்படத்தில் மனுதாரரின் மனைவியின் இடது காது புலப்படாமையால், அன்னாரின் அடையாளம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை எனத் தெரிவிக்கலாகிறது.'"

ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"'ஐயத்துக்கிடமின்றி'! பொண்ணு நல்லா எழுதக் கத்துக்கிட்டா பாரு" என்றார் நிவர்த்தி. கோபத்தின் நடுவிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"ம்" என்றாள் மனைவி. அந்த வீட்டில் 'ம்' என்பது ஒரு முழு வாக்கியம். மற்ற நாட்களில் "இருக்கு", "இல்லை", "ஆச்சு" ஆகிய மூன்றையும் வைத்தே அவள் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இருவரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். பெஞ்சின் இந்தக் கோடியில் அவரும் அந்தக் கோடியில் அவளும் உட்கார்ந்தார்கள்.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்க சார்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவர் நகரட்டும் என்று அவள் இருந்தாள். அவள் நகரட்டும் என்று இவர் இருந்தார்.

"அம்மா, நீங்களாவது?"

"காது தெரியுதுல்ல? போதும்."

நாலு காதும் தெள்ளத் தெளிவாக விழுந்தன. ஒரே வாரத்தில் ஃபைல் திரும்பி வந்தது. மனைவி படித்தாள்: "'இருவருக்குமிடையே ஒரு சாண் இடைவெளி காணப்படுவதால், இது தனித்தனியே எடுக்கப்பட்ட இரு படங்களின் ஒட்டோ என்ற ஐயம் எழுகிறது.'"

"ஒட்டாம்ல, ஒட்டு! பெஞ்சு மேல உக்காந்துதானே எடுத்தோம்?" என்று கத்தினார் நிவர்த்தி. பதிலுக்கு ஒரு 'ம்' கூட வரவில்லை. கடிதத்தை அழகாக மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் இப்படியானது பத்து வருடத்துக்கு முன்னால். அவளுடைய அப்பா இதே மாநகராட்சியில் குடிநீர் வால்வைத் திறந்து மூடுகிற வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் ஃபைல் மருமகனின் மேஜைக்கே வந்தது. மாமனாருக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாதே! ஊரார் ஃபைலை ஒருமுறை பார்த்தால் மாமனார் ஃபைலை நாலுமுறை பார்த்தார். திருப்பினார், மறுபடியும் திருப்பினார். கிழவரும் ஒவ்வொரு தடவையும் இன்னொரு காகிதத்தைத் தேடிக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி அந்த மாடிப்படியை ஏறி வந்தார். கடைசியில் ஆணை தயாரான வாரத்தில் வாங்கிக்கொள்ள அவர் இல்லை. நிவர்த்தி அதையும் விதிப்படி மாமியார் பேருக்கு மாற்றினார். மாற்றுவதற்கு முன் ஒரு படிவம் குறைகிறது என்று எழுதினார். அன்றிலிருந்து மனைவிக்கு வார்த்தை குறைந்துபோயிற்று. நியாயமாக நடந்ததற்கு வீட்டில் கிடைத்த தண்டனை இது என்று நிவர்த்தி தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை ஸ்டூடியோக்காரரே இருவரையும் தோளைப் பிடித்து நகர்த்தி ஒட்ட வைத்தார். அவள் தோள் இவர் தோளில் பட்டது. எத்தனை வருடம் ஆயிற்று என்று நிவர்த்தி கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவள் கணவரைப் பார்த்தாள். "சிரிக்கணும்னு விதி இருக்கா?"

"இல்லை" என்றார் நிவர்த்தி.

"அப்ப எடுங்க."

மூன்றாவது கடிதம் வந்தது. படத்தில் நெருக்கம் இருக்கிறதாம். ஆனால் இருவரும் கணவன் மனைவியாக ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் இருவர் சான்றளிக்கவில்லையாம். மனைவி வரிக்கு வரி படித்துக் காட்டினாள். பத்து வருடத்தில் அவள் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ஆட்சேபணையாக இருந்தால் என்ன, காதுக்கு இதமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள்.

மாடி வீட்டில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர் குடியிருந்தார். காகிதத்தையும் நிவர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க இந்த அம்மாவோட வீட்டுக்காரரா? தப்பா எடுத்துக்காதீங்க சார், ரூம் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறவர்னு நினைச்சேன்."

"அஞ்சு வருஷமா தலைக்கு மேல குடியிருக்கீங்க! நாங்க பேசிக்கறது கேக்கலையா?"

"அதான் சார், கேக்கலை."

நிவர்த்தி திரும்பி, படிக்கட்டில் நின்ற மனைவியைப் பார்த்தார். "நீயாவது சொல்லேன்!"

"அவர் ஒண்ணும் பொய் சொல்லலையே" என்றாள் அவள்.

கடைசியில் தோளோடு தோள் ஒட்டிய அந்தப் படத்தைக் காட்டித்தான் அவரிடம் கையெழுத்து வாங்க முடிந்தது. எதிர்வீட்டு ஆசிரியை "ஸ்கூல் இருக்கு, நாளைக்கு வாங்க" என்று மூன்று நாள் அலையவிட்டுப் போட்டுக் கொடுத்தார். அதற்குள் ஆஸ்பத்திரித் தேதி போய்விட்டது. அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து என்றார்கள். அட்டை கையில் இருந்தால் மட்டும் வாருங்கள் என்றும் சொன்னார்கள். வலது கண்ணிலும் இப்போது பனி இறங்கியிருந்தது. தெருவைக் கடக்க யார் கையையாவது பிடிக்க வேண்டியிருந்தது. ராத்திரி எழுந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்.

நாலாவது கடிதத்தையும் மனைவிதான் படித்தாள்.

"'நியமனத்தின்போது பணிப்பதிவேட்டில் குறிக்கப்பெற்ற அங்க அடையாளம் இன்றளவும் அன்னாரின் உடலில் நிலைபெற்றுள்ளதா என்பது மருத்துவ அலுவலரின் சான்றால் மெய்ப்பிக்கப்படவில்லை.'"

"என் முழங்கையில இருக்கற மச்சம் எங்கடி போயிடும்?" என்றார். "கண்ணு போயிடும்போல இருக்கு. மச்சம் இருக்கான்னு கேக்கறாங்களே, மனுஷங்களா இவங்க?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கடிதத்தை மடித்தாள்.

நிவர்த்தி தடவித் தடவி அந்த மாடிப்படியை ஏறினார். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். இத்தனை படி இருப்பது இருபத்தாறு வருடத்தில் அவருக்குத் தெரியாது. அவர் மேலதிகாரிகளுக்கான லிஃப்டில் போனவர்; ஓய்வு பெற்றவர்களுக்கு அது கிடையாது.

கண்காணிப்பாளர் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பதிவறைக்காரர் மட்டும் இருந்தார். பழைய ஃபைல் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துத் தருகிற மனிதர். நிவர்த்தி இருந்த காலத்தில் அவர் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இப்போது அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நிவர்த்தியின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நான் சண்டை போட வரலைய்யா" என்றார் நிவர்த்தி. "என்னால முடியலை. இந்த லெட்டரெல்லாம் யாரு எழுதறாங்கன்னு சொல்லிடு, அந்த ஆள் கால்ல விழுந்தாவது கேட்டுக்கறேன். அந்தப் பொண்ணுக்கு இவ்வளவு தூரம் எழுத வராது. 'நிலைபெற்றுள்ளதா'ன்னு போடறதுக்கு ஒரு கை வேணும். மனசுல ஈரமே இல்லாத கை."

பதிவறைக்காரர் கையிலிருந்த ஃபைல் கட்டைக் கீழே வைத்தார். பிறகு, பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், மெதுவாகச் சொன்னார்:

"நீங்கதான் சார் எழுதினீங்க; உங்க மாமனாருக்கு நீங்க அனுப்பின பதினோரு லெட்டரையும் உங்க வீட்டம்மா கட்டாக் கட்டிக் கொண்டாந்து குடுத்தாங்க, எல்லாமே இன்னிக்கும் விதிப்படி செல்லும்னு மேடம் பேரை மட்டும் மாத்தி அனுப்பறாங்க, இது நாலாவதுதான்."