டைம்டேபிள் அங்கிள் தூங்கிய ஒரு மணி நேரம்

மெல்போர்னில் போலீசுக்குப் பயப்படாத தமிழர்கூட இருக்கலாம். டைம்டேபிள் அங்கிளுக்குப் பயப்படாதவர் கிடையாது. டார்னெய்ட் புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்தவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவியான அன்ரிக்கும் தபால்காரருக்கும் மட்டுமே தெரியும். ஆறு மணிக்குப் பிறந்தநாள் விருந்து என்றால் ஆறு மணிக்கே வந்து நிற்பார். வீட்டுக்காரர் அப்போதுதான் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அன்ரி போனில் ஒரு படம் காட்டினார். மேற்கு விக்டோரியாவின் பாலைநிலக் காடு. அதற்குள் போகும் நடைபாதையை முழுதாய் நடக்க நாலு நாள் ஆகும். நான்காவது கிலோமீட்டரில் ஒரு மணல்மேடு. ஏறி நின்றால் காடே பூத்துக் கிடக்கும்.

"ஒப்பரேசனுக்கு முதல் இதை ஒருக்காப் பாக்கோணும்" என்றார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குத் தேதி வந்துவிட்டது. அது முடிந்து அவர் தேறுவதற்குள் பூக்காலமும் போய்விடும்.

அங்கிள் களத்தில் இறங்கினார். மூன்று வாரம் தூக்கத்தைத் தொலைத்துத் திட்டம் போட்டார். அன்ரியைப் பூங்காவில் நடக்கவிட்டு, பின்னாலேயே கைக்கடிகாரத்தோடு போய், கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் என்று கண்டுபிடித்தார். கூடப் போகும் மூன்று குடும்பங்களுக்கும் உத்தரவு பறந்தது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். புட்டுக்குத் தடை.

"ஏன் அங்கிள், புட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"தொண்டையிலை விக்கும் தம்பி. தண்ணி ஆர் தாறது? ரொட்டி கொண்டு வாரும்."

மதியத்தில் வெயில் கொளுத்தும் என்பதால், எங்கே நின்றாலும் ஒன்பதரைக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த அலாரத்துக்கு என் போன் பொறுப்பு.

சனிக்கிழமையே போய்ப் பாதைக்குப் பக்கத்து ஊரில் தங்கினோம். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. அந்த ஞாயிறுதான் ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே போகும் நாள். எங்கள் போன்கள் தாமாகவே மாறிக்கொண்டன. அங்கிள் அதையும் கணக்கில் எடுத்துத்தான் திட்டம் போட்டிருந்தார்; தன் பழைய கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்கத்தான் மறந்துவிட்டார்.

ஏழுக்கு அவர்கள் அறை வாசலில் போய் நின்றோம். அன்ரி மெல்லக் கதவைத் திறந்து, உதட்டில் விரல் வைத்தார்.

"மூண்டு கிழமையா நித்திரை இல்லாத மனுசன். கொஞ்சம் படுக்கட்டும்."

எங்கள் போன்களில் எட்டு மணி ஆனபோது அங்கிள் அரக்கப்பரக்க ஓடிவந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"சரியா ஏழு! எல்லாரும் வந்திட்டியளே!"

இத்தனை வருட ஆஸ்திரேலிய வாழ்க்கையில் அவர் கண்ட முதல் அதிசயம் அது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எவருக்கு வாய் வரும்? காருக்குள் ஏறிவிட்டோம்.

இரண்டரை கிலோமீட்டர் நடந்திருப்போம். என் போனில் ஒன்பதரை அலாரம் அலறியது.

"உம்மடை போன் பழுது தம்பி. இப்ப எட்டரை" என்றார் அங்கிள்.

எல்லோரும் எங்கள் காலணிகளையே பார்த்தோம். அங்கிள் எங்களைச் சுற்றிப் பார்த்தார், பிறகு கடிகாரத்தை. புரிந்துவிட்டது. மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னை எழுப்பியிருக்கலாமேயப்பா" என்று அன்ரியிடம் கேட்டார். "இனி எப்ப உமக்கு அந்த மேட்டைக் காட்டுறது?"

"நீங்கள் குறட்டை விட்டு நித்திரை கொண்டதைப் பாத்து எவ்வளவு நாள்! எனக்கு அதுவே காணும். எழும்புங்கோ, வெயில் ஏறுது."

பாதையோரத்து மஞ்சள் பூக்களை அன்ரி குனியாமல், நின்றபடியே ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரே முதலில் திரும்பினார். அங்கிள் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பும் வழியில் அவர் கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை, ஒருவரையும் அவசரப்படுத்தவும் இல்லை. இருவரும் ஆடி அசைந்து முன்னால் போனார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் அவர்களை முந்திப் போக எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.