ஊரறிந்த நாடித்துடிப்பு

வாசகரே, கல்லூரிகளில் புதிதாக ஓர் இனம் பெருகியிருக்கிறது. மணிக்கட்டார் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டுப் பாருங்கள். கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்சைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

நம் மணிக்கட்டார் மூன்றாம் ஆண்டு மாணவர். அறை நண்பன் தேர்வில் கோட்டைவிட்டுக் கண் கலங்கியபோதுகூட, அன்றைய நடைக் கணக்கு குறைந்துவிடுமே என்று, நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கியபடி ஆறுதல் சொன்னவர். அதோடு விட்டாரா? தன்னோடு சேர்த்து ஒன்பது பேரை ஒரு குழுவாக்கி, யாருடைய நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டினாலும் மற்ற எல்லார் வாட்சும் அதிரும்படி ஏற்பாடு செய்தார்.

"நமக்குள்ள என்னடா ஒளிவுமறைவு?" என்பது அவர் வாதம்.

ஆய்வகத்தில் எதிர் மேசையில் நிற்கும் பெண்ணும் அந்தக் குழுவில் இருந்தாள். ஆறு மாதமாக அவளிடம் மனதைத் திறக்க இவருக்குத் தவிப்பு. நாளைக்கு அவள் பயிற்சிக்காக வெளியூர் போகிறாள். இன்றைக்கு விட்டால் விட்டதுதான். கேண்டீனில் அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அலட்சியத்தோடு, "சும்மாதான் வந்தேன்" என்றார்.

ஓரத்து மேசையில் ஏழு வாட்சுகள் ஒன்றாக அதிர்ந்தன.

"மச்சான், நூத்தி முப்பத்தெட்டு! உக்காந்துக்கிட்டே மாடி ஏறுறியா?" என்று ஒருவன் கத்த, கேண்டீனே சிரித்தது. மணிக்கட்டாரின் மானம் கப்பலேறியது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை வெறுமையாக இருப்பதை அப்போதுதான் இவர் கவனித்தார்.

"உன் வாட்ச் எங்க?"

"நீ வர்றதப் பாத்ததுமே கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லைன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே."

ஒரு பெண் இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வாள்? நம்மவர் பதறிப்போனார்.

"அய்யய்யோ! அப்போ இன்னிக்கு உன் கணக்குல இவ்வளவு நேரம் விட்டுப்போயிருக்குமே!"

எனக்கே எழுந்து போய் அவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.  அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவருடைய வாட்ச் மட்டும், துடிப்பு சீராகிவிட்டது என்று பாராட்டியது.

இப்படியும் ஒரு மடையனா என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்ததில் துடிப்பு எத்தனை ஏறியது என்று பார்க்க இப்போது உங்கள் கை லேசாகத் திரும்பியதே, அது எதற்கு?