நாத்தனார் போட்ட ஐந்து முடிச்சு

உட்காருவதில்கூடப் பொய் சொல்ல முடியும். நம்பாதவர்கள், போட்டோ எடுக்கும்போது தங்கள் தொப்பை எங்கே போகிறது என்று யோசித்துப் பார்க்கலாம். நான் சொன்ன பொய் கொஞ்சம் பெரியது. சொன்ன இடம் ஆஸ்பத்திரி. அதன் சாயம் வெளுத்த இடம் என் தம்பியின் மணமேடை.

எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது. கால்கள் அப்போதே போய்விட்டன. வளர வளர முதுகும் தன் இஷ்டத்துக்குப் போனது. எங்கள் காவாந்தண்டலம் ரோடு மாதிரி மேலே இடது பக்கம் ஒரு வளைவு, கீழே வலது பக்கம் ஒரு வளைவு. இடது முழங்கையை எதன் மேலாவது ஊன்றிக்கொண்டால்தான் உட்காருவேன். எடுத்தால் சரிந்துவிடுவேன். ஆகவே உருப்படியாக எதையும் செய்ய எனக்கு மிச்சம் இருந்தது ஒரு கை. (படிப்பு ஏழாவதோடு நின்றுபோனது. எட்டாவது வகுப்பு மாடியில் இருந்தது.) அந்த ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, தம்பி குமரேசனின் நெல் அறுக்கும் மிஷினுக்கு ஆர்டர் எடுப்பது என் வேலை. கவலைப்படுவது உபதொழில். மழை வருமா, மிஷின் சேற்றில் மாட்டுமா, போனில் சார்ஜ் தீர்ந்துவிடுமா, சார்ஜ் போட்டால் வெடித்துவிடுமா என்று ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அந்தத் தொழிலும் நடக்கும்.

குமரேசனுக்கு வாலாஜாபாத்தில் பெண் அமைந்தது. பெயர் ரேவதி. எங்கள் பக்கத்தில் தாலிக்கயிற்றில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவான். மற்ற இரண்டும் அவன் அக்காளோ தங்கையோ போடவேண்டும். நாத்தனார் முடிச்சு. குமரேசனுக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி.

பெரியம்மா ஒரு நாள் வந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டுப் போகிற போக்கில் சொன்னார்: "நீ வெளக்கு மட்டும் புடிச்சிக்கடி செல்வி. முடிச்ச நம்ம சுமதி போட்டுடுவா."

சுமதி பெரியம்மாவின் மகள். விளக்குக்கு ஒரு கை போதும், முடிச்சுக்கு இரண்டு வேண்டும். பெரியம்மா கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ, என் தம்பிக்கு நான்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்ற கவலை ஆரம்பித்தது.

முதுகு வளைந்தவர்களுக்கு உடம்பை அளந்து சக்கர நாற்காலி செய்து தருகிற ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றி ஊர் நர்ஸ் சொன்னார். அதில் சரியாக உட்கார்ந்தால் முழங்கை ஊன்றவேண்டாமாம், இரண்டு கையும் சும்மா இருக்குமாம். உடனே கிளம்பினோம். அம்மா எனக்கு நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, ஏதோ கலெக்டரைப் பார்க்கப் போகிற மாதிரி கூட்டிக்கொண்டு போனார்.

வழி முழுக்க எனக்கு ஒரே பயம். முதுகின் வளைவைப் பார்த்தால் ஆபரேஷன் என்று படுக்கவைத்துவிடுவார்கள். கல்யாணத்தன்று நான் கட்டிலில் கிடப்பேன், சுமதி முடிச்சுப் போடுவாள். (டாக்டர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே சொல்லி நானே நம்பியது.)

அளவெடுக்க வந்த மேடம் சின்ன வயசு. "எப்பவும் உக்கார மாதிரி உக்காருங்க" என்றார்.

படித்தவர்கள் முன்னால் யாராவது எப்பவும் உட்காருகிற மாதிரி உட்காருவார்களா? மூச்சை இழுத்துப் பிடித்தேன். முந்தானைக்குள் இரண்டு கையையும் விட்டு, பெஞ்சை அழுத்திக்கொண்டு, தேர் மாதிரி நிமிர்ந்தேன். கை தெரியாமல் இருக்க அம்மா முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். மேடம் டேப் வைத்துப் பார்த்துவிட்டு, முதுகு நன்றாகவே நிமிருகிறதே என்று ஆச்சரியப்பட்டார். படுக்கவைத்து இடுப்பு எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கவேண்டும் என்றார். படுத்தால் எனக்கு மூச்சு முட்டும் என்றேன். (தினமும் ஒன்பது மணி நேரம் படுத்துத் தூங்குகிறவள்.) அவர் மூன்று தடவை கேட்டார். நான் மூன்று தடவையும் சாமி சத்தியமாகப் பொய் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு நிமிடம் மட்டும் உயிரோடு இருந்த ஒருத்தியின் அளவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் நாற்காலி வந்தது. அழகு என்றால் அழகு. இடுப்புக்கு ஒரு பெல்ட், விலாவுக்கு இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த தாங்கி, மார்புக்குக் குறுக்கே ஒரு கறுப்பு வார். உட்கார்ந்து பார்த்தேன். இடது தாங்கி நான் சாய்கிற இடத்தில் இல்லை, ஒரு சாண் தள்ளி காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. வலது தாங்கி விலா எலும்பை எண்ணியது. இடுப்பு பாய்மேல் போட்ட பூசணிக்காய் மாதிரி முன்னால் வழுக்கிக்கொண்டே போனது. இப்படி ஆனால் உடனே வரவேண்டும் என்று மேடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். போனால் நாற்காலியை வாங்கி வைத்துக்கொள்வார்களே? போகவில்லை. மார்பு வாரைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அந்த ஒரு வாரில்தான் மொத்த உடம்பும் தொங்கியது, கொடியில் போட்ட சட்டை மாதிரி. ஆனால் இரண்டு கையும் சும்மா இருந்தன. அது போதும். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிக்கட்டி ஒத்திகை பார்த்தேன். நாற்பது தடவை போட்டு நாற்பதும் நின்றது. ஜன்னல் கம்பி என் மூக்குக்கு எதிரே இருந்தது என்பது மட்டும் என் புத்தியில் ஏறவில்லை.

கல்யாணப் பெண் மூக்குக்கு எதிரே உட்காரமாட்டாள். மணையில், தரையோடு உட்காருவாள்.

அன்றைக்கு மேடையில் இரண்டு மணி நேரம் காத்திருந்ததில் நான் பாதி வழுக்கி, வார் கழுத்துக்கு வந்துவிட்டது. மாமா நாற்காலியை ரேவதிக்குப் பின்னால் தள்ளினார். கால் வைக்கிற பலகை அவள் முதுகில் இடித்து நின்றது. அதற்குமேல் போகாது. கெட்டி மேளம் முழங்கியது. குமரேசன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு நுனியையும் எனக்காகத் தூக்கிப் பிடித்தான். நான் இரண்டு கையையும் நீட்டினேன். வார் பின்னால் இழுத்தது. நான்கு விரற்கடை எட்டவில்லை.

மேளம் அடித்துக்கொண்டிருக்கிறது. அட்சதை வந்து விழுகிறது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என் தோளுக்குமேல் ஒரு கை நீண்டது. வளையலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சுமதியின் கை.

வாரின் கிளிப்பை அமுக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு நேரடியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். கண்ணைத் திறந்தபோது என் முகம் ரேவதியின் பின்னலுக்குள் இருந்தது. வாயில் கனகாம்பரம். மொத்தப் பாரமும் கல்யாணப் பெண்ணின் முதுகில். போச்சு, கல்யாணம் நின்றது, பெண்ணுக்குக் கழுத்து ஒடிந்தது, போலீஸ் வரும் என்று கவலை வரிசையாகக் கிளம்பியபோது, அடியிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"போடுங்க அண்ணி. நான் தாங்கிக்கினு கீறேன்."

ரேவதி இரண்டு கையையும் தரையில் ஊன்றி, அசையாமல் இருந்தாள். என் மார்பு அவள் முதுகில் பதிந்திருந்தது. பத்து நாளாக எந்தத் தாங்கியும் வாரும் தராத ஒன்று அப்போது கிடைத்தது. நான் சரியவில்லை. கை இரண்டும் வேலை செய்தன. கண் தெரியாமல், விரலால் தடவிக் கயிற்றைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டேன். இரண்டாவது போட்டேன். இத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் அவிழ்ந்துவிட்டால்? மூன்றாவது போட்டேன். பெரியம்மா குறை சொன்னால்? நான்காவது. நான் சொன்ன கவலைகள் போதாதென்று ஐந்தாவதும் போட்டேன்.

மாமா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார். நான் பின்னால் வந்தேன். ரேவதியும் பின்னால் வந்தாள்.

நாற்காலியின் மார்பு வார், கயிற்று நுனிகள் இரண்டுக்கும் நடுவே விழுந்திருக்கிறது. அதை உள்ளே வைத்தே ஐந்து முடிச்சும் போட்டிருக்கிறேன். வாரின் ஒரு முனை நாற்காலியில் போல்ட் போட்டு இறுக்கியது. மறு முனையில் உள்ளங்கை அகலக் கிளிப்பு. இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் வராது. தாலி முடிச்சை அவிழ்ப்பது என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. யாரோ கத்தரிக்கோல் என்றார்கள். தாலி ஏறின வேகத்திலேயே அதுகிட்ட இரும்பைக் கொண்டு வருவதா என்று பெரியம்மா ஒரு பிடி பிடித்தார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் போகிறது, இப்படியே அக்னியைச் சுத்துங்கோ என்றுவிட்டார்.

சுற்றினோம். முன்னால் குமரேசன். அவன் விரலைப் பிடித்துக்கொண்டு ரேவதி. அவள் கழுத்திலிருந்து ஒரு முழம் கறுப்பு வார். அதன் முனையில் சக்கர நாற்காலியும் நானும். தள்ளுவதற்கு மாமா. மூன்று சுற்று. புகையில் இருமிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டேன். வாலாஜாபாத் பெரியவர் ஒருவர் என் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

"இன்னா மாமா, உங்க ஊர்ப் பக்கம் இது வழக்கமா?"

அப்பா முகத்தை மாற்றாமல், "ஆமா. எங்க நாத்தனாருங்க கொஞ்சம் கெட்டியான ஆளுங்க" என்றார்.

சுற்றி முடிந்ததும் வேன் டிரைவர், ரேவதியின் கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வாரை அறுத்தார். அப்புறம் அம்மா அதை ஒரு விரல் நீளத்துக்குச் சின்னதாக வெட்டிவிட்டார். அதற்குமேல் கத்தரிக்கோலைக் கிட்டே கொண்டுபோக யாருக்கும் துணிச்சல் இல்லை. மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்கிறவரைக்கும் அந்தக் கறுப்புத் துண்டு மஞ்சள் கயிற்றில்தான் இருந்தது. கேட்டவர்களிடம் ரேவதி, நாத்தனார் சீர் என்று சொன்னாள்.

மறுவாரம் அறுந்த வாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரேவதியும் வந்தாள். வாரை யார் அறுத்தது என்று மேடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரேவதி முதலிலிருந்து கடைசிவரை, கனகாம்பரத்தையும் விடாமல், சொல்லிவிட்டாள். மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டார். பிறகு என்னைப் பாயில் படுக்கச் சொன்னார். படுத்தேன். மூச்சு முட்டவில்லை. இடுப்பைத் தொட்டுப் பார்த்தார், முதுகை விரலால் தடவினார். எது தள்ளினால் நிமிருமோ அதை நிமிர்த்துவோம், நிமிராததை அப்படியே விட்டுத் தாங்குவோம், எல்லாவற்றுக்கும் முதலில் இடுப்பை நிறுத்தணும் என்றார். ஆபரேஷன் என்ற பேச்சே வரவில்லை.

"இப்ப உக்காருங்க. என்னைய ஏமாத்தாம."

முதல் தடவையாக ஓர் அன்னியர் முன்னால் முழுசாகச் சரிந்து உட்கார்ந்தேன். அந்தச் சரிவுக்குத்தான் இப்போதைய நாற்காலி. இடது தாங்கி நான் சாய்கிற இடத்திலேயே காத்திருக்கிறது. இடுப்பு வழுக்குவதில்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் நோட்டு. அறுப்புக் காலத்தில் சாலவாக்கம் வரைக்கும் ஆர்டர் எடுக்கிறேன். பெரியம்மா பேரனுக்குக் காது குத்தியபோது, கம்மலைத் திருகுவதற்கு என்னைத்தான் கூப்பிட்டார்.

ரேவதிக்கும் குமரேசனுக்கும் மாதம் ஒரு சண்டை வரும். அவள் பையில் துணியை அடைத்துக்கொண்டு வாசல்வரை போவாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து முறைப்பாள்.

"இவரு போட்டது ஒரு முடிச்சு, அண்ணி. அத அவுத்துப் போட்டுட்டு எங்க ஆத்தா வூட்டுக்குப் போயிகினே இருப்பேன். நீங்க போட்டீங்க பாரு அஞ்சு, அதத்தான் இன்னா பண்றதுன்னு தெரியல."