தண்டோராக்காரரின் தொண்டை

அஞ்சாபுரி என்று ஒரு நாடு. வரைபடத்தில் தேடிக் களைக்க வேண்டாம், அந்த நாட்டின் வரைபடத்துக்கு அரண்மனை இன்னும் ஒப்புதல் தரவில்லை. அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். போட்டியிடுபவர் மாமன்னர் ஒருவரே என்பதால் தேர்தல் நாளில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓலையில் எழுதி முத்திரை குத்திவிட்டால் மட்டும் ஒன்று சட்டமாகிவிடாது. சந்தைத் திடலின் மேடையில் தண்டோராக்காரர் ஏறி, முரசு கொட்டி, மூன்று முறை உரக்க வாசிக்க வேண்டும். மூன்றாவது வாசிப்பு முடிந்தால்தான் அது சட்டம். அவரை மாற்றுவதென்றாலும் அந்த மாற்றத்தை அவரே தன் வாயால் அறிவிக்க வேண்டும். முன்னோர்கள் ஏன் இப்படி வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அரண்மனைக்கு அது வசதியாக இருந்தவரை யாரும் கேட்கவும் இல்லை.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒவ்வொரு அறுவடைக்கும் வீட்டுக்கு வீடு ‘காப்புப் படி’ என்று நெல் அளந்து அரண்மனைக் களஞ்சியத்தில் சேர்த்துவிட வேண்டும். பதிலுக்கு, உடம்புக்கு ஏதாவது வந்தால் வைத்தியச் செலவை அரண்மனை பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை. அரண்மனையைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு வளையம் என்று பெயர். வளையத்துக்குள் குடியிருக்கும் வைத்தியரிடம் போனால் காசு வேண்டாம். கயிற்றுக்கு வெளியே இருப்பவரிடம் போனால் அவரவர் பாடு.

முத்திருளப்பன் இந்த நாட்டின் தண்டோராக்காரர். கணீரென்ற குரல். அவர் வாசித்தால் ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைப்பவர்களுக்கும் சட்டம் புரியும். உப்புக்கு வரி, விளக்குக்கு வரி, வரி கட்டத் தாமதமானால் தாமதத்துக்கு வரி என்று எல்லாவற்றையும் அவர்தான் வாசித்தார். எழுதியவர்களை மக்கள் பார்த்ததில்லை, வாசித்தவரைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வையை வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டு நின்ற மனிதருக்கு உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு நாள், காப்புப் படியை அளக்கும் மரக்கால் இனி பெரிதாக இருக்கும் என்ற ஓலையை எடுத்துக்கொண்டு மேடையேறினார். முதல் வரி வாசித்தார். நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல்கள் மரத்துப் போயின. தொண்டையை யாரோ உள்ளிருந்து கட்டினார்கள். செத்துப் போகப் போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. முரசைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்து வீட்டுக்கு ஓடினார்.

சாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து திடல் என்ற பேச்சை எடுத்தாலே வியர்த்தது. பிறகு தெருவுக்குப் போகவே பயம். பிறகு யாராவது கதவைத் தட்டினால் பயம். மனைவி செம்பாயியிடம் மட்டும் தணிந்த குரலில் பேசினார். வேறு ஆள் எதிரே வந்தால் வாய் திறக்கும், சத்தம் வராது. பேசாத நாளுக்குக் கூலி இல்லை என்பது பழைய சட்டம். அதை வாசித்தவரும் அவர்தான்.

செம்பாயி வளைய அலுவலகத்துக்குப் போனாள். வாசல் கல்லில் அச்ச நோய்க்கு உரிய வைத்தியர்களின் பெயர்கள் அழகாகச் செதுக்கப்பட்டிருந்தன. முதல் பெயருக்கு உரியவர் வீட்டில் மாலை போட்ட படம் மாட்டியிருந்தது. அடுத்தவர் வெளிநாடு போய் வெகுகாலம். மூன்றாவது முகவரியில் ஒரு குதிரை கட்டிக் கிடந்தது. இன்னொருவர் உயிரோடு இருந்தார், வீட்டிலும் இருந்தார். ஆனால் அவர் பல் பிடுங்குபவர்.

“அச்சத்துக்கு வைத்தியருன்னு ஒங்க பேரு போட்டிருக்கேய்யா?” என்று செம்பாயி கேட்டாள்.

“என்னையப் பாத்து எல்லாரும் பயப்படுறாங்கம்மா. அதுனால அந்த வரிசையில போட்டுட்டாங்கபோல” என்றார் அவர், குறடைத் துடைத்தபடி. நல்ல மனிதர். உண்மையான வைத்தியர் எங்கே இருக்கிறார் என்றும் அவரே சொன்னார்.

மங்களநாயகி அம்மாள் வீடு கயிற்றுக்கு ஒரு முழம் வெளியே இருந்தது. பயத்துக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவர், அதற்கென்றே படித்தவர். முன்பு வளையத்துக்குள்தான் இருந்தார். ஓர் ஆளைப் பார்த்தால் ஒரு தேங்காய் என்பது அரண்மனை தரும் கூலி. அந்தக் கூலிக்கு, வந்தவரைப் பார்த்து வணக்கம் சொல்லத்தான் நேரம் இருக்கும் என்று கண்டுகொண்டு வெளியே வந்துவிட்டார்.

“இது தீரும்மா. பயப்படுற எடத்துக்கே கொஞ்சங் கொஞ்சமா கூட்டிட்டுப் போகணும். அங்கயே நிக்க வச்சுப் பழக்கணும். வாரா வாரம் வரணும், மாசக்கணக்காவும்” என்றார். பிறகு தயங்கி, கூலியைச் சொன்னார். சொல்லும்போது அவர் செம்பாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. “கொறைச்சுக்கத்தான் பாக்குறேன். எங்க வீட்டுலயும் ஒல வைக்கணுமே தாயி.”

செம்பாயியிடம் இரண்டு எருமைகள் இருந்தன. பால் ஊற்றித்தான் இப்போது அடுப்பு எரிகிறது. ஒன்றை விற்றால் சில மாதங்களுக்கு வைத்தியம் ஆகும். அதற்குள் குணமாகாவிட்டால்? எருமையும் போய், மனிதரும் இப்படியே இருந்துவிட்டால்? வீடு வரும்வரை அவளுக்கு இதே கணக்குத்தான். நோய் அவருக்கு, கணக்கு இவளுக்கு. எது பெரிய வேதனை என்று நான் சொல்ல மாட்டேன்.

வளையத்துக்கு வெளியே போவதற்கும் அரண்மனை உதவும் என்று யாரோ சொல்ல, காப்பு அமைச்சர் சர்வோத்தமரிடம் போனாள். அமைச்சர் அன்பானவர். எல்லோரையும் உட்காரச் சொல்வார், நாற்காலிதான் இருக்காது.

“தாராளமாக உதவுவோம், அம்மணி. முன்னனுமதி மட்டும் பெற வேண்டும். நோயாளி நேரில் வந்து, பேரவை முன்னால், தம் நோய் இன்னதென்று தெளிவான உரத்த குரலில் எடுத்துரைக்க வேண்டும்.”

“அவரால நாலு பேரு முன்னால பேச முடியாதுங்கிறதுதானய்யா சீக்கே.”

“அதையே அவர் வந்து சொல்லட்டும்.”

முத்திருளப்பன் வந்தார். அவரைக் கொண்டுவருவதற்குள் செம்பாயி பட்ட பாடு தனிக் கதை. கையைப் பிடித்து, முகத்தில் துண்டைப் போட்டு, சந்து சந்தாகக் கூட்டி வந்தாள். பேரவையில் நின்றார். வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. ‘மனுதாரர் நோய் எதையும் குறிப்பிடவில்லை’ என்று எழுதி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். எழுத்து மிக நேர்த்தியாக இருந்தது.

செம்பாயி ஒரு எருமையை விற்றாள்.

வைத்தியம் தொடங்கியது. முதலில் வெறுமே பேச்சு. பிறகு கண்ணை மூடித் திடலை நினைத்துப் பார்க்கச் சொன்னார் மங்களநாயகி. முத்திருளப்பனுக்குச் சட்டை நனைந்தது. பிறகு திடலின் ஓரத்தில், ஆளில்லாத நேரத்தில் நிற்க வைத்தார். “ஓடாதீங்க. படபடப்பு ஏறும். உச்சிக்குப் போகும். அதுக்கு மேல போக அதுக்கு வழி கெடையாது, தன்னால எறங்கிரும். அது வரைக்கும் நில்லுங்க, போதும்.” அவர் நின்றார். அழுதார், ஆனால் நின்றார்.

இதற்கிடையில் நாட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. வாசிக்க ஆள் இல்லாததால் புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. பெரிய மரக்கால் களஞ்சியத்திலேயே கிடந்தது. மக்கள் பழைய துன்பங்களோடு நிம்மதியாக இருந்தார்கள். பக்கத்து வீட்டு வேலம்மாள் ஒரு நாள் செம்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தப்பா நெனைக்காத. அவருக்குக் கொணமாகித்தான் ஆகணுமா? இப்படியே இருந்துட்டா ஊருக்கே நல்லதுடி.”

செம்பாயிக்கு ஆத்திரம் பொங்கியது. “ராத்திரி முழுக்க ஒக்காந்து மூச்சுக்குத் தவிக்கிறாரு. வந்து பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டுச் சொல்லு” என்று கையை உதறினாள். ஆனால் வேலம்மாள் சொன்னது பொய் என்று அவளால் நினைக்க முடியவில்லை. அதுதான் அவளை வாட்டியது.

செலவழித்த பிறகு விண்ணப்பித்தால் பாதியாவது திரும்பக் கிடைக்கும் என்று இன்னொருவர் சொன்னார். போனாள். கணக்கைப் பார்த்த அமைச்சர் மகிழ்ந்தார். “பாதி நிச்சயம் உண்டு, அம்மணி. ஆனால் நீங்கள் கொடுத்த கூலியில் பாதி அல்ல. நியாயமான கூலி எதுவென்று அரண்மனை கருதுகிறதோ, அதில் பாதி.” பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு நியாயமான கூலி ஒரு தேங்காய் என்று அரண்மனை கருதியது. சில நாள் கழித்து, முத்திரையிட்ட பட்டுத் துணியில் சுற்றி, ஒரு தேங்காய் மூடி வீட்டுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த சேவகருக்கு வெகுமதி கொடுக்க வேண்டும் என்பது மரபு.

இரண்டாவது எருமையும் போயிற்று. தொழுவம் காலியாகிவிட, செம்பாயி அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். இனி விற்க ஒன்றுமில்லை. இந்த முறை குணமாகாவிட்டால் பாதியில் நிற்க வேண்டியதுதான். பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று மங்களநாயகி சொல்லியிருந்தார். செம்பாயி தூங்குவதில்லை. அவர் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள்.

நல்லவேளை, முத்திருளப்பன் தேறிவந்தார். மாட்டுச் சந்தையில் நின்று உரக்கத் தன் பெயரைச் சொன்னார். மாடுகள் திரும்பிப் பார்த்தன, தரகர்களும் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. செம்பாயி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள்.

செய்தி அரண்மனைக்குப் போனது. அங்கேயும் பெரும் மகிழ்ச்சி. தண்டோராக்காரர் நோயில் கிடந்தபோது பேரவை சும்மா இருக்கவில்லை. ஒருவருக்குச் செலவைக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், நாட்டில் பயந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவே பயமாக இருக்கிறது என்று நீண்ட விவாதம் நடத்தி, ஒரு தீர்வு கண்டிருந்தார்கள். அந்த ஓலை தயாராக இருந்தது.

திடல் நிரம்பியது. முத்திருளப்பன் மேடையேறினார். முரசு கொட்டினார். கீழே முதல் வரிசையில் அமைச்சர் சர்வோத்தமர். அவருக்குச் சற்றுத் தள்ளி, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செம்பாயி.

“அஞ்சாபுரியில் அச்சம் என்றொரு நோய் இல்லை. இதுவரை இருந்ததும் இல்லை. ஆகவே அதற்கு வைத்தியமும் இல்லை, செலவும் இல்லை. இனி அந்த நோய் இருப்பதாகச் சொல்வோர் பொய்யர் எனக் கொள்ளப்படுவர். இதனுடன் காப்புப் படி மரக்கால் இன்று முதல் பெரிதாகிறது.”

குரல் பிசிறவே இல்லை. அக்கரை வரைக்கும் கேட்டது. அமைச்சர் செம்பாயியின் பக்கம் திரும்பினார்.

“பார்த்தீர்களா, அம்மணி? எவ்வளவு நன்றாக இருக்கிறார். நோய் இருந்திருந்தால் இப்படி வாசிப்பாரா? உங்கள் பழைய மனுக்களையும் இத்துடன் மூடிவிடலாம்.”

இரண்டு எருமைகளை விற்று வாங்கிக் கொடுத்த குரல் அது.

முத்திருளப்பன் இரண்டாவது முறை வாசித்தார். வாசிக்கும்போது கூட்டத்தைப் பார்த்தார். முன்பெல்லாம் பார்க்க மாட்டார், ஓலையை மட்டும்தான் பார்ப்பார். எதிரே வேலம்மாள் நெஞ்சில் கை வைத்து நின்றாள். ஒருவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னொருவருக்கு மூச்சு மேலும் கீழும் வாங்கியது. அந்த அறிகுறிகள் எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை காலம் அவர்கள் தன்னை வெறுக்கிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தார்! அவர்கள் பயந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது வாசிப்புக்கு முரசு கொட்ட வேண்டும். முத்திருளப்பன் கோலைக் கீழே வைத்தார்.

அமைச்சர் காத்திருந்தார். கண்ணைக் காட்டினார். கையைக் காட்டினார். கடைசியில் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

“என்ன ஆயிற்று? மறுபடியும் தொண்டை அடைத்துக்கொண்டதா?”

“இல்லைங்க. தொண்ட நல்லாத்தான் இருக்கு” என்றார் முத்திருளப்பன், கடைசி வரிசைவரை கேட்கும்படி. பிறகு பேசாமல் நின்றார்.

அமைச்சர் பேரவைத் தலைவரை அழைத்து, இவனை ராஜத்துரோகி என்று இப்போதே அறிவியுங்கள் என்றார். அறிவிக்கலாம், ஆனால் அதையும் இவர்தான் வாசிக்க வேண்டும் என்று பேரவைத் தலைவர் பணிவோடு நினைவூட்டினார். நோயாளி என்று சொல்லி விலக்கலாமா என்று ஆராய்ந்தார்கள். நோய் என்றால் செலவைக் கொடுக்க வேண்டும், ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூட்டம் கலையவில்லை. யாரும் கூச்சலிடவும் இல்லை. எல்லோரும் அமைச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு கண்களை அவர் ஒரே இடத்தில் சந்தித்ததே இல்லை.

அமைச்சர் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற செம்பாயியை மெல்ல அழைத்தார்.

“அம்மணி, அந்த வைத்தியர் அம்மாள்... இப்போது வீட்டில் இருப்பாரா?”

“இருப்பாங்கய்யா. கூட்டிட்டுப் போறேன், வாங்க” என்றாள் செம்பாயி. “ஆனா அங்க வந்து ஒங்களுக்கு என்ன சீக்குன்னு சொல்லுவீங்க?”

அமைச்சர் வாய் திறந்தார். சத்தம் வரவில்லை.