எட்டாவது தட்டு

"ஆபரேஷனா? எனக்கா? இன்னாம்மா ஒளர்ற?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் ஆலிஸ்.

ரூத்துக்குத் தலை சுற்றியது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதே ஆலிஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை போனவள் அவள்தான். அன்றைக்கு ஆலிஸ் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. இன்றைக்கு அறுபத்தொன்பது. மிச்சக் கிலோவெல்லாம் கடல் காற்றிலா கரைந்து போயிற்று?

மறுபடி போன் போட்டாள்.

"ஆலிஸ்க்கா, வெச்சிடாதீங்க. ஒரே ஒரு நாள் வந்து தலையக் காட்டுங்க, போதும்."

"அடிப்பாவி! தவக்காலத்துல நாப்பது நாள் ஒரு வேள சோத்தோட ஒருசந்தி இருந்தேன், ஆண்டவர் எளைக்க வெச்சாருன்னு கோயில்ல மைக் புடிச்சி சாட்சி சொல்லிகீறேன். இப்ப போய் வயித்த அறுத்துக்கினேன்னு சொன்னா ராயபுரமே காறித் துப்பும்."

விஷயம் இதுதான். ரூத் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி, எடை குறைப்பு ஆபரேஷன் பிரிவுக்குத் தரச்சான்று கேட்டு எழுதிப் போட்டிருந்தது. முதல் வருஷம் ஆபரேஷன் செய்துகொண்ட எட்டுப் பேரும் இன்னும் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பில் இருக்க வேண்டும், சொல்லிக் கொடுத்தபடி சாப்பிட வேண்டும் என்பது விதி; அதை ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். ஒருவர் குறைந்தாலும் சான்று கிடையாது. சான்று இல்லாவிட்டால் அந்தப் பிரிவுக்கே பூட்டு. தர மேலாளர் என்று புதிதாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ரூத், பழையபடி வார்டுக்கு நைட் டூட்டிக்குப் போக வேண்டியதுதான். பத்து வருஷம் நர்ஸாக நைட் டூட்டி பார்த்தவள் இந்த ஆறு மாதமாகத்தான் வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து ராத்திரிச் சோறு தின்கிறாள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

மற்றவர்களும் ஆலிஸுக்குச் சளைத்தவர்களில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜெரி, தினமும் எண்ணூர் வரை சைக்கிள் மிதித்து இளைத்ததாகத் தோஸ்துகளிடம் அளந்து வைத்திருந்தார். அந்த சைக்கிள் ஆறு மாதமாகக் காற்றில்லாமல் டீக்கடை ஓரம் நிற்கிறது. வண்ணாரப்பேட்டை ஷம்ஷாத்தோ ஒரு படி மேலே போய், தன்னை இளைக்க வைத்த கொள்ளுக்கஞ்சி மாவு என்று தெருவுக்கே பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது ஆள் ஆறுமுகநயினார். அவர் பெயரைத் தவிர ஃபைலில் உருப்படியாக ஒன்றுமில்லை. போன் எப்போதும் அணைந்தே கிடந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் ரஷீதிடம் போய் நின்றாள் ரூத்.

"ஆளு பாக்க எப்டி சார் இருப்பாரு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார். "அவருக்கு வாக்கு குடுத்துட்டேம்மா. அவரா வந்தாத்தான் உண்டு."

ரூத் ஒரு யோசனை செய்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால்தானே ஊர் பேசும்? கோயில் ஹாலில் கூட்டினால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? பங்குத்தந்தை ஃபாதர் இக்னேஷியஸிடம் போய், ஆஸ்பத்திரி சார்பில் உடல்நல ஜெபக்கூட்டம் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார் ஃபாதர்.

"நம்ம ஆஸ்பத்திரிதான் ஃபாதர்."

தொளதொளவென்றிருந்த அங்கியை இழுத்து விட்டுக்கொண்டு, "தாராளமா நடத்துங்க" என்றார்.

அடுத்து ஏழு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டாள். "யாராவது கேட்டா, வேற ஒருத்தருக்குத் துணைக்கு வந்தேன்னு சொல்லிக்குங்க." அப்படிச் சொன்ன பிறகுதான் எல்லாரும் வர ஒப்புக்கொண்டார்கள். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள் ரூத்.

சனிக்கிழமை காலை, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் சிக்கி, அந்தக் கடுப்போடேயே வந்து இறங்கினார் ஆய்வாளர் டாக்டர் சிவந்தி. ஏழு பேரும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்ப ஜெபம் சொல்ல வந்த ஃபாதர், சொல்லிவிட்டுப் போகாமல் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

போச்சுடா, என்று நினைத்தாள் ரூத்.

"இங்க யார் யாருக்கு ஆபரேஷன் ஆச்சு?" என்று கேட்டார் சிவந்தி.

"நான் ஷம்ஷாத்துக்குத் தொணைக்கு வந்தேன்" என்றாள் ஆலிஸ்.

"யா அல்லா! நானே ஜெரி அண்ணனுக்குத் தொணைக்கு வந்தவ!" என்றாள் ஷம்ஷாத்.

"மேடம், நான் சேர் போட வந்தவன்" என்றார் ஜெரி.

மற்ற நால்வரும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். ஏழு துணை, ஒரு நோயாளி கூட இல்லை. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கும் இப்படி ஒரு நிலைமை வந்திருக்காது.

"என்ன விளையாடறீங்களா?" என்றார் சிவந்தி ரூத்தைப் பார்த்து.

அந்த நேரம் பார்த்து, கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை ராசையா போண்டாவும் டீயும் கொண்டுவந்தார். ஆளுக்கு இரண்டு போண்டா வைத்து, ஃபாதர் கையிலும் ஒரு தட்டைத் திணித்தார். ஃபாதரை வெளியே அனுப்பினால்தான் இவர்கள் வாய் திறப்பார்கள் என்று ரூத்துக்குப் புரிந்தது.

"ஃபாதர், ஆபீஸ் ரூம்ல உங்களுக்கு போன் வந்துகீதாம்."

ஃபாதர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. தட்டோடும் டீயோடும் எழுந்து போனார்.

அவர் போயும் யாரும் வாய் திறக்கவில்லை. வாயில்தான் போண்டா இருந்ததே! சிவந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடுவதையே பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷமும் ஆயிற்று. ஹாலில் மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்றீங்க. டீயை யாரும் தொடலை. ஏழு பேருக்குப் பதினாலு போண்டா வெச்சும் மூணரைதான் உள்ள போயிருக்கு" என்றார் சிவந்தி. "சாப்பிட்டு அரை மணி கழிச்சுத்தான் குடிக்கணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"ரூத்து சிஸ்டர்தான்!" என்றார்கள் ஏழு பேரும் ஒரே குரலில்.

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"அடிப்பாவி, உனுக்குமா?" என்றார் ஜெரி ஆலிஸைப் பார்த்து.

"உன் சைக்கிளு கதை மட்டும் இன்னா நெசமா?" என்றாள் ஆலிஸ்.

"அப்ப என் கஞ்சி மாவ நம்பி தெனம் குடிச்சிகினு கீறவ யாரு?" என்று கேட்டாள் ஷம்ஷாத். ஒருத்தி மெதுவாகக் கையைத் தூக்கினாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிவந்திகூட ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார்.

பிறகு அதே ஃபைலைத் திறந்தார். "சரி, எட்டாவது ஆள் ஆறுமுகநயினார் எங்க?"

ரூத்தின் சிரிப்பு அங்கேயே செத்தது. "தெரியல மேடம். தேடாத எடமில்ல."

"ஏழு பேரை நல்லா கவனிச்சிருக்கீங்க. ஆனா ஏழு எட்டாகாதும்மா."

"மேடம், என்னை ரெண்டு பேரா வெச்சிக்குங்க. என் பழைய வெயிட்டுக்கு ரெண்டு ஆளுதான்" என்று கெஞ்சினார் ஜெரி.

சிவந்தி முடியாது என்று தலையாட்டிவிட்டுப் பேனாவை மூடினார். ரூத்துக்கு வார்டின் மங்கல் விளக்கும் கொசுவும் அப்போதே கண்ணில் தெரிந்தன. காலித் தட்டுகளை அடுக்கப் போனாள். காலித் தட்டு எங்கே இருந்தது? எல்லாவற்றிலும் ஒன்றரை போண்டா மிச்சமிருந்தது.

ஆபீஸ் ரூம் பக்கமிருந்து ராசையா இன்னொரு தட்டோடு வந்தார்.

"சிஸ்டர், இது ஃபாதர் தட்டு. ஒன்றரை போண்டா அப்டியே கீது, டீயில ஆடை படிஞ்சி பூட்ச்சி. ஞானஸ்நானம் வாங்கறதுக்கு மின்னாடி அவரு பேரு ஆறுமுகநயினாராம், அத மட்டும் அந்த டாக்டரம்மா காதுல போடச் சொன்னாரு."